ராக்கெட்டைப் பின்னால் எடுத்தவர்

அவருடைய வேலை ராக்கெட் ஓட்டுவது. புதிதாகப் பழகுகிறவர்களிடம் இப்படித்தான் சொல்வார். அவர்கள் அசந்துபோய்க் கண்ணை விரித்ததும், "தரையில" என்று சேர்த்துக்கொள்வார்.

விண்வெளித் துறையின் தொழிற்சாலையிலிருந்து ஏவுதளத்துக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். அந்தத் தூரத்தை அறுபத்து நான்கு சக்கர டிரெய்லரில், முதுகில் ஒரு ராக்கெட் துண்டைச் சுமந்துகொண்டு, முப்பத்தொரு வருடமாகப் போய்வந்துகொண்டிருந்தார். உச்ச வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர். வளைவில் நான்கு, பாலத்தில் இரண்டு. துறையில் அவருக்கு ஆமையண்ணன் என்று பெயர். அதற்காக அவர் கோபப்பட்டதில்லை. "ஆமை எங்கயாவது கவுந்து பாத்திருக்கியா?" என்று கேட்பார். கவிழ்ந்த ஆமையை எல்லோரும் எங்கேயாவது பார்த்துதான் இருப்பார்கள். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

வேலைக் குணம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் ஸ்கூட்டரில் கடைக்குப் போனால், நடந்துபோகிறவர்கள் கூடவே பேசிக்கொண்டு வருவார்கள். "இவர் என்னன்னு திரும்பிப் பாக்கறதுக்குள்ள நான் கோவப்பட்டு, அழுது, சமாதானமாகி, சோறும் வடிச்சு எறக்கிடுவேன்" என்பார் அவர் மனைவி.

மனைவியின் தங்கை கணவர், அதாவது அவருடைய சகலை, அதே துறையில் பத்தொன்பது வருடம் இரண்டாவது டிரெய்லர் ஓட்டியவர். ஆமையண்ணன் பேசத் தொடங்குமுன் பேசி முடித்துவிடுகிற ஆள். ஊரின் மறுபக்கத்தில், ஒரு பழைய ஐஸ் தொழிற்சாலைக் கட்டடத்தில் தனியார் ராக்கெட் கம்பெனி ஒன்று முளைத்தபோது, இவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு அங்கே சேர்ந்தார். துறையில் ஒரு வைப்பர் பிளேடு வேண்டுமென்றால் மூன்று படிவம் நிரப்ப வேண்டும். வைப்பர் வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். கம்பெனியில் வாய்விட்டுக் கேட்டால் போதும், மறுநாள் காலையில் வாசலில் நாற்பது வைப்பர் வந்து இறங்கும். அந்த நாற்பதை எங்கே வைப்பது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

சகலையின் விசிட்டிங் கார்டில் 'நகர்வுத் தலைவர்' என்று போட்டிருந்தது. அவருக்குக் கீழே ஒரு ஆள்கூடக் கிடையாது. ஆமையண்ணன் அதைச் சுட்டிக்காட்டினார்.

"எங்க கம்பெனியில எல்லாருமே தலைவர்தாண்ணே."

"அப்ப கூட்டத்துல யாரு உக்காருவா?"

இப்படிச் சிரிப்பும் பேச்சுமாகப் போய்க்கொண்டிருந்த உறவு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் முறிந்தது. சகலை இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டே, "உங்க ஆளுங்க கையெழுத்துப் போட்டு முடிக்கறதுக்குள்ள நிலாவே எறங்கி வந்து நம்ம வாசல்ல நின்னுடும்ணே" என்றார். ஆமையண்ணன் மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, "உங்க கம்பெனியில இதுவரைக்கும் வீடியோதான் பறந்திருக்கு" என்றார். சகலை பாதிச் சாப்பாட்டில் எழுந்தார்.

அதன்பிறகு நான்கு மாதம் இருவருக்கும் பேச்சு இல்லை. ஆனால் அக்காவும் தங்கையும் தினம் காலை பத்து மணிக்கு போனில் பேசிக்கொண்டார்கள். அதனால் பேசாமலேயே ஒருவர் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை மற்றவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் ஒரு முடிவு எடுத்தது. துறையின் சாலை, சோதனை மேடை, ஏவுதளம் எல்லாவற்றையும் இனித் தனியாரும் பயன்படுத்தலாம். அதற்கென்று துறையில் ஒத்துழைப்புப் பிரிவு என்று புதிதாக ஒன்று திறந்தார்கள். பழைய போக்குவரத்துப் பிரிவுக்கு நேர் எதிர் அறை. இரண்டு கதவுக்கும் நடுவே ஒன்பது அடி வராந்தா. அந்த ஒன்பது அடியை ஒரு காகிதமும் கடந்ததாகத் தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை. எரிபொருள் நிரப்பிய ராக்கெட் துண்டு ஒன்றை ஏவுதளத்துக்குக் கொண்டுபோக, போக்குவரத்துப் பிரிவு ஆமையண்ணனுக்கு அனுமதி கொடுத்தது. சோதனை மேடையில் சோதித்து முடித்த ஒரு காலி ராக்கெட் உருளையை எதிர்த்திசையில் திருப்பி எடுத்துப்போக, ஒத்துழைப்புப் பிரிவு கம்பெனிக்கு அனுமதி கொடுத்தது. அதே நாள், அதே நேரம், அதே சாலை.

அந்தச் சாலையில் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குச் சதுப்பு நிலம் உண்டு. நடுவில் மேடாக்கிப் போட்ட தார்ச்சாலை. இருபக்கமும் சேறும் நாணலும். ஒரு டிரெய்லர் போனால் பக்கத்தில் ஒரு சைக்கிள் போகலாம், அதுவும் ஓட்டுகிறவர் வயிற்றை எக்கிக்கொண்டால். இரண்டு முனையிலும் இருந்த காவலர்கள் அனுமதிச் சீட்டைப் பார்த்தார்கள். முத்திரை சரியாக இருந்தது. கதவைத் திறந்துவிட்டார்கள்.

ஒரு வளைவு தாண்டியதும் ஆமையண்ணன் எதிரே ஒரு வெள்ளை உருளையைப் பார்த்தார். அதே நேரத்தில் சகலையும் எதிரே ஒரு பச்சை உருளையைப் பார்த்தார். உடனே நிறுத்தியிருக்கலாம். ஆனால் துறை வண்டி வழியில் நின்றால் காரணம் எழுத வேண்டும். கம்பெனி வண்டி நின்றால், யார் முதலில் நின்றது என்ற பேச்சு நான்கு மாதத்துக்கு ஓடும். எனவே இரண்டு வண்டியும் ஒன்றையொன்று நன்றாகப் பார்த்துக்கொண்டே, ஏழு நிமிடம் மெல்ல மெல்ல நெருங்கி வந்து, இருபது அடி இடைவெளியில் நின்றன.

ஆமையண்ணன் வண்டிக்கு முன்னால் சிவப்புக் கொடி பிடித்து நடப்பவர் ஒருவர் உண்டு. ஓய்வுபெற மூன்று வருடம் பாக்கி உள்ளவர். அவர் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி எதிர் வண்டியைப் பார்த்தார். திரும்பி ஆமையண்ணனைப் பார்த்தார். "அண்ணே, உங்க சகலை" என்றார்.

"தெரியுது."

துறை வண்டியின் பின்னால் வந்த ஜீப்பிலிருந்து கான்வாய் அதிகாரி இறங்கினார். முப்பத்தைந்து வயதுப் பெண். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட விதிப் புத்தகம். அவருக்குப் பின்னால் ஒரு தீயணைப்பு வண்டி, ஒரு ஆம்புலன்ஸ். கம்பெனி வண்டியின் பின்னால் ஒரே ஒரு கார். அதிலிருந்து கழுத்தில் கேமரா தொங்க ஒரு இளம்பெண் இறங்கினாள். கம்பெனியில் அவள் 'கதைசொல்லல் தலைவர்'.

அதிகாரி நிலைமையை ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். யாராவது பின்னால் போக வேண்டும். விதிப் புத்தகம் தெளிவாகச் சொன்னது: எரிபொருள் நிரப்பிய வண்டியை இயக்குநரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் பின்னோக்கிச் செலுத்தக் கூடாது. இயக்குநரைக் கேட்க, முதலில் துணை இயக்குநரைக் கேட்க வேண்டும். அதற்கு முன் இன்னும் ஐந்து பேர். ஒவ்வொருவராகப் போன் போட்டார். ஆறு பேரும் எழுதி அனுப்பச் சொன்னார்கள். இயக்குநரின் போன் அணைந்திருந்தது.

"சார் தலைநகர்ல மாநாட்டுல இருக்கார்" என்றார்கள் அவர் அலுவலகத்தில்.

"என்ன மாநாடு?"

"விண்வெளியில அரசும் தனியாரும் சேர்ந்து போறது எப்படின்னு."

கம்பெனிப் பக்கம் நிலைமை வேறு. அங்கே கேட்பதற்கு ஒரே ஒருவர்தான் இருந்தார், கம்பெனியைத் தொடங்கிய இளைஞர். ஆபீசுக்கே செருப்போடு வருகிறவர். எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கேமராப் பெண் செய்தி அனுப்பினாள். பத்து விநாடியில் பதில் வந்தது: 'நீங்களே முடிவு பண்ணுங்க. உங்களை முழுசா நம்பறேன்.' கூடவே ஒரு ராக்கெட் படம்.

அவள் அதை வண்டியின் கண்ணாடி வழியே சகலையிடம் காட்டினாள். ஏழு பேர் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் பழகிய மனிதர் அவர். தன்னை ஒருவர் முழுசாக நம்புகிறார் என்று படித்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"உங்க முதலாளி எங்க இருக்கார்?" என்றார் அதிகாரி.

அவள் போனில் நேரலையைத் தட்டிக் காட்டினாள். மேடையில் துறை இயக்குநரும் அந்த இளைஞரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் மைக்கைப் பிடித்து, "இனி நமக்கு ஒரே பாதை, ஒரே பயணம்" என்றார். அரங்கம் கைதட்டியது.

கொடிக்காரர் எட்டிப் பார்த்தார். "ஒரே பாதைதான் மேடம். அதனாலதான் இப்படி நிக்கறோம்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எரிபொருள் துண்டின் மேல் ஒரு வெப்பமானி ஒட்டியிருந்தது. முப்பத்தைந்து டிகிரியைத் தொடுமுன் அது ஏவுதளக் கொட்டகைக்குள் போயாக வேண்டும். இப்போது முப்பத்தொன்று.

"எங்களுது நிரப்பின வண்டி. உங்களுது காலி" என்றார் அதிகாரி, சகலையிடம். "நீங்கதான் பின்னால போகணும். எழுநூறு மீட்டர்ல ஒதுங்கறதுக்கு எடம் இருக்கு."

சகலை வண்டியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இரண்டு விரல் அகலத்துக்கு இறக்கினார். "எங்க கம்பெனி பின்வாங்கறதில்ல மேடம். அது கொள்கை."

"இது சண்டையா, பின்வாங்கறதுக்கு? ரிவர்ஸ் எடுங்க."

"கொள்கை மேடம்." கண்ணாடி ஏறிவிட்டது.

அதிகாரி பல்லைக் கடித்தார். கேமராப் பெண் அந்தப் பதிலை மிகவும் ரசித்து, இன்னொரு முறை கண்ணாடியை இறக்கிச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். எல்லோரும் அதைத் திமிர் என்றே நினைத்தார்கள். ஆமையண்ணன் மட்டும் அப்படி நினைக்கவில்லை. சகலைக்கு டிரெய்லரைப் பின்னால் எடுக்கத் தெரியாது.

பத்தொன்பது வருடத்தில் சகலை எப்போதும் இரண்டாவது வண்டி. பின்னால் எடுக்க வேண்டிய இடம் வந்தால் டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது ஆமையண்ணன் அவருடைய வண்டியையும் எடுத்து நிறுத்தியிருப்பார். இதை இருவரும் ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. டிரெய்லரின் வால் வலப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். சகலையின் கைக்கு அது ஏறவே இல்லை.

ஆமையண்ணன் வண்டியிலிருந்து இறங்கினார். இருபது அடியை அவருடைய வேகத்தில் நடந்தார். கம்பெனி வண்டியின் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினார்.

"ஏசியா?"

"ம்."

"நல்லாத்தான் இருக்கு."

சகலை ஏசிக் காற்றை அவர் பக்கம் திருப்பிவிட்டார்.

"நேத்து பல் டாக்டர்கிட்ட போனீங்களாமே" என்றார் சகலை.

"போனேன். ஒண்ணைப் பிடுங்கிட்டான்."

"வலிக்குதா?"

"பேசினா வலிக்குது."

"அண்ணே..." சகலையின் குரல் இறங்கிவிட்டது. "வேலைக்கு எடுக்கும்போது கேட்டாங்கண்ணே, பின்னால எடுக்கத் தெரியுமான்னு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. 'நான் திரும்பிப் பாக்கற ஆள் இல்ல'ன்னு சொல்லிட்டேன். எல்லாரும் எழுந்து கைதட்டிட்டாங்க. அதை ஆபீஸ் செவுத்துல பெருசா எழுதி வெச்சிருக்காங்க."

ஆமையண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. பல் பிடுங்கிய இடம் இழுத்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப இந்தப் பொண்ணு முன்னாடி சேத்துல எறக்கினேன்னா போச்சு. உலகம் பூராப் பாக்கும்."

"எறங்கு" என்றார் ஆமையண்ணன். "எறங்கி என்கூடச் சண்டை போடு."

சகலைக்குப் புரியவில்லை. ஆமையண்ணன் கதவைத் திறந்து, படியில் நின்றபடியே, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"என்ன பேச்சுப் பேசற? இது அரசாங்க ரோடு! இங்க ரிவர்ஸ் எடுக்கணும்னா துறை டிரைவர்தான் எடுக்கணும். வெளி டிரைவர் கியர் மேலயே கை வெக்கக் கூடாது. விதி இருக்கு!"

முப்பத்தொரு வருடத்தில் அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டார். சகலை ஒரு கணம் விழித்தார். மறுகணம் பிடித்துக்கொண்டார்.

"அதெப்படி? எங்க வண்டியை நாங்கதான் எடுப்போம்! விட மாட்டேன்! இந்த ஸ்டியரிங்கைத் தொடணும்னா என்னைத் தாண்டித்தான்..."

"ரொம்ப இழுக்காத" என்றார் ஆமையண்ணன் உதட்டுக்குள்.

"...சரி, விதின்னா விதிதான்" என்று சகலை இறங்கிவிட்டார்.

அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இருநூற்றுப் பதினாறு பக்கம். அப்படி ஒரு விதி கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தின் கடைசித் திருத்தத்தைத் தட்டச்சு செய்ததே அவர்தான். ஆமையண்ணன் முகத்தைப் பார்த்தார். சகலை நெற்றியில் வழிந்த வியர்வையைப் பார்த்தார். வெப்பமானியைப் பார்த்தார். முப்பத்து மூன்று.

"ஆமாம்" என்று புத்தகத்தை மூடினார். "அப்படித்தான் இருக்கு."

எழுநூறு மீட்டரைக் கடக்க ஐம்பது நிமிடம் ஆனது. நடுவில் ஒரு வளைவு. ஆமையண்ணன் இடக் கண்ணாடியையும் வலக் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, ஸ்டியரிங்கை நூல் பிடித்தாற்போல ஒடித்தார். சகலை பின்னால் நடந்துகொண்டே, "வா வா வா... ரைட்டுல ஒடி... போதும்... அப்படியே வா" என்று கத்திக்கொண்டு வந்தார். அதில் பாதி தவறு. எதைக் கேட்க வேண்டும், எதை விட வேண்டும் என்று ஆமையண்ணனுக்குத் தெரியும். ஒரே ஒரு இடத்தில் கடைசிச் சக்கரம் தாரின் ஓரத்தைத் தொட்டு ஒரு கல்லைச் சேற்றில் தள்ளியது. அந்தக் கல் விழுந்த சத்தத்துக்குப் பிறகு சகலை வாயை மூடிக்கொண்டார்.

ஆமையண்ணன் தன் வண்டிக்குத் திரும்பிப் போய், எரிபொருள் துண்டைக் கொட்டகைக்குள் நுழைத்தபோது முப்பத்து நாலரை டிகிரி.

அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் அவரவர் வழக்கப்படி நடந்துகொண்டார்கள். கம்பெனி அந்த ஐம்பது நிமிடத்தை ஒரு நிமிடமாகச் சுருக்கி, இசை சேர்த்து வீடியோ போட்டது. லட்சம் பேர் பார்த்தார்கள். நன்றி தெரிவித்து ஆமையண்ணனுக்கு ஒரு பனியன் அனுப்பினார்கள். மார்பில் பெரிய எழுத்தில் 'திரும்பிப் பார்ப்பதில்லை' என்று போட்டிருந்தது. அவர் அதை ஸ்கூட்டர் கழுவும்போது போட்டுக்கொண்டார்.

துறை அவருக்குக் குற்றக் குறிப்பாணை அனுப்பியது. பணி வண்டியைவிட்டு இறங்கியது ஒன்று, பிறர் வண்டியை ஓட்டியது இரண்டு. விசாரணை அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எந்த விதிப்படி?"

"அது... இருக்கணுங்க" என்றார் ஆமையண்ணன்.

சிக்கல் என்னவென்றால், கான்வாய் அதிகாரி தன் அறிக்கையில் 'விதிப்படி' என்று எழுதியிருந்தார். அதன்மேல் அவர் கையெழுத்து. அதற்கு மேல் ஆறு பேர் படிக்காமலே போட்ட கையெழுத்து. ஏழாவதாக இயக்குநரே ஒப்பமிட்டிருந்தார். விதி இல்லை என்றால் எட்டுப் பேர் பொய்க் கையெழுத்துப் போட்டதாக ஆகும். துறை மூன்று வாரம் யோசித்தது. பிறகு விதியைக் கொண்டுவந்தது. விதி 14-அ: துறைச் சாலையில் எந்தத் தனியார் வண்டியையும் தகுதிபெற்ற துறை ஓட்டுநரே பின்னோக்கிச் செலுத்த வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தைய நாளிலிருந்தே அமல். தகுதிபெற்ற ஓட்டுநர் என்று பார்த்தால் துறையில் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

கண்டனக் கடிதமும் நியமனக் கடிதமும் ஆமையண்ணனுக்கு ஒரே உறையில் வந்தன.

அதன்பிறகு கம்பெனி ஒவ்வொரு முறை சாலைக்கு வரும்போதும் ஆமையண்ணன் சகலைக்குப் பக்கத்து சீட்டில் ஏசியில் உட்கார்ந்து போனார். பின்னால் எடுக்கும் தேவை வந்தால் எழுந்து இடம் மாறுவார். பெரும்பாலும் தேவை வராது. பேசிக்கொண்டு போவார்கள்.

ஆறு மாதம் கழித்துக் கம்பெனியின் முதல் ராக்கெட் கிளம்பியது. இரண்டு குடும்பமும் குடியிருப்பின் மொட்டைமாடியிலிருந்து பார்த்தார்கள். நாற்பத்தொன்றாவது விநாடியில் அது லேசாகத் தலையைச் சாய்த்தது. யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு கடலில் விழுந்தது. போன் நேரலையில் கம்பெனி ஆட்கள் கைதட்டி, நிறைய தகவல் கிடைத்தது என்று அறிவித்தார்கள். சகலையால் கைதட்ட முடியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆமையண்ணன் மெதுவாகப் பின்னால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு கீறல் இல்லாமக் கொண்டுபோய் விட்டேண்ணே" என்றார் சகலை. "நாம ரெண்டு பேரும்தான் விட்டோம். இப்படி மீனுக்குப் போட்டுட்டாங்களே."

"எங்களுது மூணு விழுந்துச்சு. அப்ப நான் புதுசு. மூணாவது விழுந்த அன்னிக்கு அப்ப இருந்த டைரக்டர் வந்து என் வண்டியில ஏறி உக்காந்துட்டார். 'எங்கயாவது ஓட்டுப்பா, பேப்பர்காரங்க இல்லாத எடமா'ன்னார். அந்த வண்டியை வெச்சுக்கிட்டு நான் எங்க போறது? காம்பவுண்டையே ரெண்டு சுத்து சுத்தினேன். பேப்பர்காரங்க நடந்தே கூட வந்தாங்க."

சகலை மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்துவிட்டார். "அப்புறம்?"

"அப்புறம் நாலாவது போச்சு."

கம்பெனிக்கு நான்காவது வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவதே போனது. அதில் துறையின் சின்ன செயற்கைக்கோள் ஒன்றும் பயணம் செய்தது. தன் ராக்கெட்டுகளுக்கு வரிசை நீளமாக இருந்ததால் துறையே கம்பெனியிடம் இடம் கேட்டிருந்தது. அந்தச் செயற்கைக்கோளை ஐஸ் தொழிற்சாலைக் கட்டடத்துக்குக் கொண்டுபோய் இறக்கியவர் ஆமையண்ணன். அங்கே வாசலில் அனுமதிச் சீட்டை யாரும் கேட்கவில்லை என்பதால், தானே நீட்டி, தானே சரிபார்த்து, பையில் வைத்துக்கொண்டார்.

செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் சேர்ந்ததாகச் செய்தி வந்த மதியம், சகலை வீட்டில் சாப்பாடு. கை கழுவுமுன்பே தொடங்கிவிட்டது.

"ராக்கெட் எங்களுதுண்ணே."

"உள்ள இருந்த சாமான் எங்களுது."

"எஞ்சின் எங்களுது."

"சோதிச்ச மேடை எங்களுது. போன ரோடு எங்களுது. ரிவர்ஸ்கூட எங்களுது."

"மெதுவாப் பேசுங்கண்ணே" என்று சகலை பதறிச் சமையலறைப் பக்கம் பார்த்தார். அவருக்கு ரிவர்ஸ் வராது என்பது அவர் மனைவிக்கு இன்னும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து அக்காவும் தங்கையும் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "சோறு எங்களுது" என்றாள் தங்கை. "ஆறிப்போகுது, ரெண்டு பேரும் வந்து உக்காருங்க."

சகலை உடனே உட்கார்ந்துவிட்டார். ஆமையண்ணன் வந்து உட்காரும்வரை மற்ற மூவரும் காத்திருந்தார்கள்.